தொண்டைக்குள் விளக்கு

திபிலிசியில் மருத்துவம் படித்த ஆறு வருஷமும்
என் அறைக்குக் கீழ்வீட்டில் ஒதார் இருந்தார்.
ஓபரா மேடைகளில் இருபத்தெட்டு வருஷம்
காதலனாகவே செத்தவர்.
ஒரு பனிக்கால இரவு, உச்ச ஸ்தாயியில்
குரல் வாழைநார்போலப் பிரிந்ததாம்.
கூட்டம் சிரிக்கவில்லை. இருமியது.
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை என்பார்.

பிறகு பாட்டுப் பாடம், மணிக்கு இருபது லாரி.
லாரி அங்கே பணம்.
போனில் சொன்னபோது உம்மா கேட்டாள்:
"எதை ஏத்தி?"
தரை வழியே எனக்கு ஏறி வந்ததெல்லாம் ஒன்றே:
"கத்தாதே. மூச்சின்மேல் சாய்ந்து நில்."

கடைசி வருஷம் வாயைத் திறந்து காட்டினார்.
அத்தனை அரங்குகளை நிறைத்தவை
இரண்டு வெள்ளைக் கீற்றுகள்,
நெத்திலி முள் நீளம்.
ஓரத்தில் ஒரு தழும்பு.
"அழகா?" என்றார்.
ஜார்ஜிய மொழியில் பொய் சொல்லுமளவு
நான் தேறியிருக்கவில்லை.

இப்போது பாம்பன்.
மேசைக்கு எதிரே ஏலக்கார இன்னாசி.
நண்டுக்கும் கணவாய்க்கும் கூவிக்கூவி
கடுகளவில் இரண்டு முடிச்சு.
ஒரு மாதம் பேசக்கூடாது என்றேன்.
மருந்துச்சீட்டின் பின்னால் எழுதினார்:
வட்டிக்காரனிடம் யார் பேசுவது?

எழுந்து நின்று காட்டினேன்,
விலாவைப் பிடித்துக்கொண்டு,
காற்றின்மேல் எப்படிச் சாய்வதென்று.
எனக்குப் பாட வராது.

ஒன்பதாவது வாரம், விடியாத நாலு மணி,
இறங்குதளத்தில் கேட்டது:
எழுநூறு, எழுநூற்றைம்பது, எண்ணூறு.
பாலத்தில் ரயில் ஏறியபோதும்
எண் மூழ்கவில்லை.

பதிவு செய்து ஒதாருக்கு அனுப்பினேன்.
மதியம் ஒரு வரி வந்தது:
"மூன்றாவது எண்ணில் தாடை இறுகுகிறது."