நாற்பது பிராங்க் நாரை

தூன் நகரில், கீழ்வீட்டு ஏபிஷர் அம்மா
தங்கமீன் குட்டையோரம் நட்டுவைத்தார்
பிளாஸ்டிக் நாரை ஒன்றை.
ஒன்று நிற்கும் நீரில்
இன்னொன்று இறங்காதாம்; கடைக்காரர் சொன்னது.

பனி விழுந்த செவ்வாய்க்கிழமை
சமையலறை ஜன்னலில் பார்க்கிறேன்:
இரண்டு.
இரண்டின் முதுகிலும் பனி.
அசையாதது பொம்மை என்றால்
இரண்டுமே பொம்மை.

கெட்டில் கொதித்து அடங்கியது.
ஒன்றின் கழுத்து மட்டும்
மடித்துவைத்த சாட்டை.
சொடுக்கியது.

மீன் அல்ல, புல்வெளி எலி.
குட்டையில் ஒருமுறை நனைத்து
தலை முதலில், முழுசாக.
அந்த முடிச்சு தொண்டையில் இறங்க
நானும் எச்சில் விழுங்கினேன்.

பிறகு கழுத்தைச் சுருட்டி, காலை நீட்டி
ஆரே ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

மீன் எண்ண வந்தார் ஏபிஷர் அம்மா.
எட்டும் இருந்தன.
பொம்மையின் தலைப்பனியைத் தட்டிவிட்டு
நல்ல பிள்ளை என்றார்.