கொழுப்பு

கல்லில் எழுதினால் நிற்கும் என்கிறார்கள்.
வாரத்துக்கு ஆறு கல் அழிக்கிறேன் நான்.
லியோனில், சோன் ஆற்றங்கரைச் சந்தொன்றில்,
கல்லின்மேல் கல் கவிழ்த்து
நடுவே மணலும் நீரும் விட்டு
எட்டு வடிவில் சுழற்றுவது என் வேலை.
போன மாதத்து மேயர்
சாம்பல் கூழாய் வழிந்து
என் காலணிக்குள் இறங்குவார்.

அந்தப் படத்தை எவாரிஸ்ட் ஒரே இரவில் வரைந்தான்,
பல்வலிக்குக் கிராம்பு கடித்தபடி.
எல்லாம் இடவலம் மாறி:
கல்லில் இடக்கை நீட்டினால்தான்
காகிதத்தில் வலக்கை வாங்கும்.
மாவு மூட்டையை விழுங்கிய பிரிஃபெக்ட்.
தையல் விட்ட வயிற்றில்
ரொட்டிக்கு நிற்கும் வரிசை, கடுகளவு மனிதர்கள்.
சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு நெசவாளி முகம்.
அதில் ஒன்று என் மைத்துனன்.
கேட்டால், "பசித்தவனெல்லாம் ஒரே ஜாடை" என்றான்.

ஸெலி, தாளுக்கு அரைக்காசு கூலிக்கு,
மூக்கில் மட்டும் சிவப்பு வைத்தாள்.
இருநூறு மூக்கு.
இருநூற்றொன்றாவதில் கதவு தட்டினார்கள்.

வந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.
வந்த சிரிப்பை இருமலாக்கினார்.
பிறகு அரசாங்கக் குரலில்:
"என்ன கொழுப்பு உங்களுக்கு?"

முதலாளி ஃபிர்மேன் தொப்பியைக் கழற்றினார்.
"ஆட்டுக் கொழுப்புதான், ஐயா.
மெழுகு, சோப்பு, கொஞ்சம் விளக்குக்கரி.
அது இல்லாவிட்டால் கல்லில் மை ஒட்டாது."

முந்நூறு பிராங்க் அபராதம்.
சாட்சிக்கு என்று ஒரு படம் எடுத்தார்.
தனக்கு என்று சொல்லாமல் இன்னொன்று.
கல்லைத் தன் கண்முன்னே அழிக்கச் சொன்னார்.
அழித்தேன். மூன்று முறை மணல் மாற்றினேன்.
நான்காவதும் மாற்ற வேண்டும், அதுதான் முறை.
அவருக்கு அது தெரியாது.

வசந்தத்தில் ஒரு வேலை வந்தது:
பிரிஃபெக்ட் மகளின் திருமண அழைப்பிதழ்.
ஊரிலேயே மலிவான அச்சகம் எங்களுடையது.
கொடி, புறா, வளைந்த எழுத்து, ஐந்நூறு படி.
முதல் நூறு பளிச்சென்று வந்தது.
பிறகு மை ஏற ஏற
மணமகள் பெயருக்கு அடியில்,
கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல்,
ஒரு வட்டம்.

எவாரிஸ்ட் குனிந்து பார்த்தான்.
ஸெலியும் பார்த்தாள்.
உருளை ஒரு கணம் நின்றது,
பிறகு உருண்டது.

கறை என்றிருப்பார்கள் பல வீடுகளில்,
ஈரத்தாள் என்றிருப்பார்கள்.
பத்திர எழுத்தரின் விதவை மட்டும்
அழைப்பிதழை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
பொத்தான்களை எண்ணினாராம்.
ஏழு.
மேலிருந்து நாலாவது என் மைத்துனன்.