காரணம் என்ற கட்டம்

மாசி மாதம், இரண்டாவது செவ்வாய்.
காங்கேசன்துறைத் துறைமுகக் கந்தோரில்
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்.
மற்றப் பக்கத்தில் நான் இருக்கிறேன்.

கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான் டன்ஸ்ரன்,
மயிலிட்டியான், பதினெட்டரை அடிப் பைபர் வள்ளம்.
பின்னால், அதைவிட இரண்டு மடங்கு நீளமான
வெள்ளைப் பாய்ப்படகு,
வேள்விக்கு இழுபடும் கிடாய் மாதிரி
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு.
முதலில் இந்தியன் றோலர் என்று நினைத்து
தூரத்தில் வைத்தே தூஷணத்தால் ஏசினானாம்.

சுக்கான் இல்லை.
இருந்த இடத்தில் ஒரு இரும்புத் தண்டு,
அதில் கிழிந்த நார், கொஞ்சம் பச்சைப் பிசின்,
சூப்பி எறிந்த பனங்கொட்டை போல.

சோலேன் என்று பெயர். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. தனி ஆள்.
தோளெல்லாம் உப்புப் பூத்திருந்தது.
அந்தமானை விட்டு ஆறாம் நாள், விடிய முன்னம்,
மூன்று வந்தன என்றாள்.
கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு.
நாற்பது நிமிடம்.
என்னை அவை பார்க்கவேயில்லை, சுக்கானை மட்டும்தான்.
கடைசியில் குட்டி ஒன்று உடைந்த துண்டைத்
தலையில் ஏந்திக்கொண்டு போனதாம்.
அதைச் சொல்லும்போது சிரித்தாள், பிறகு
தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்:
புயல், மோதல், தரைதட்டல், தீ, வேறு.
மூன்று மொழியிலும் அவ்வளவுதான்.

அகராதி கொலைத் திமிங்கலம் என்கிறது.
அந்தச் சொல்லின் முதற்பாதியை
இந்தக் கந்தோரில் இருந்து எழுத
எனக்குக் கை வரவில்லை.
‘உது திமிங்கிலமில்லைப் பிள்ளை, ஓங்கல்.
ஓங்கலுக்குள்ளை பெரியவன்’ என்றான் டன்ஸ்ரன்,
வாசலிலேயே நின்று. காலெல்லாம் செதில்.

நனையாதபடி பிளாஸ்ரிக்குக்குள் ஒட்டிய தாள் ஒன்றை
அவள் எடுத்து மேசையில் வைத்தாள்.
அவை வந்தால் செய்யவேண்டியது.
வாசித்து, அவனுக்குத் தமிழில் சொன்னேன்:
பாயை இறக்கு.
எஞ்சினை நிறுத்து.
சுக்கானிலிருந்து கையை எடு.
கத்தாதே.
எட்டிப் பார்க்காதே.
அவை போகும்வரை இரு.

டன்ஸ்ரன் சிரித்த சிரிப்பில்
அடுத்த அறையில் தட்டச்சு நின்றது.
‘உதை எங்களுக்கு ஆரும் அச்சடிச்சுத் தரேல்லை.
தொண்ணூற்றாறிலை, மாதகலுக்கு நேரை, நடுச்சாமம்,
லைற் அடிச்சுக்கொண்டு வந்தவங்கள்.
எஞ்சினை நிப்பாட்டி, மூச்சையும் நிப்பாட்டி
எட்டிப் பாக்கேல்லை.
உந்தத் தாளிலை ஒரு வரி விட்டுப்போச்சு.
கையைத் தூக்கு.’

அதை நான் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.
அவள் கேட்கவுமில்லை.
தூக்கினபடி நின்ற அவனுடைய கைகளையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனையை எடுத்தேன்.
‘தாக்குதல் என்று எழுதாதீர்கள்’ என்றாள் அவசரமாய்,
‘ஏன் செய்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது.
விளையாட்டாகவும் இருக்கலாம்.’
உடைந்தது உடைந்ததுதானே என்றேன்.
‘உடைந்ததுதான். ஆனாலும்.’

‘சம்பவம்’ என்று எழுதலாம்.
பதினேழு வருடமாக அந்தச் சொல்லால்தான்
எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறேன்.
அண்ணாவின் கோப்பிலும் யாரோ ஒரு கிளாக்கர்
அதையே எழுதி, கீழே கோடு போட்டு,
திகதி வைத்திருந்தார்.
நல்ல வடிவான கையெழுத்து.

வெளியே வாடை
கொடிக்கம்பத்துக் கயிற்றை ஓயாமல் அடித்தது.
‘வேறு’ என்பதற்கு நேரே எழுதினேன்:
ஓங்கல் மூன்று. நாற்பது நிமிடம் தொட்டன.
சுக்கான் இல்லை. ஆள் இருக்கிறாள்.

கொழும்பில் இதைத் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

‘பிள்ளை’ என்றான் டன்ஸ்ரன்,
‘பருத்தித்துறைக்கு அங்காலை இருந்து
பதினொரு மைல் இழுத்தனான்.
மண்ணெண்ணெய்க் காசு எந்தக் கட்டத்திலை வரும்?’

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கத்தில் ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை.