இரண்டு நொடி

இரவு பதினொன்றே கால், மேற்கு மாம்பலம்.
திரையில் ஓர் ஆங்கிலேயர் ஈர வேலியைத் தாண்டி
தொப்பியைச் சரிசெய்தபடி
'டிங்கிள்' என்கிறார்.
இரண்டு நொடி.
அதற்குள் அவர் காலடியில்
ஒரு தமிழ்ச் சொல்லை நான் வைத்தாக வேண்டும்.

சிறியது, ஆழமானது, மரம் மூடியது
என்கிறது அகராதி.
பள்ளத்தாக்கு என்று அடித்தேன்,
காஷ்மீரே வந்து உட்கார்ந்துகொண்டது.
கிடங்கு என்றால் சாக்குமூட்டை.
மடு என்றால் யாராவது மூழ்க வேண்டும்.
விடர், புலி கேட்கும்.
எபனேசரிடம் கேட்டேன்.
'பள்ளம்னு போட்டு முடிம்மா,
யார் பாக்கப் போறா.'

பரங்கிமலையை மலையென்று சொல்லிச்
சமாளிக்கிற ஊர்தான் இது.
பள்ளத்துக்கா பஞ்சம்?

கரண்ட் போனது. கீழே இறங்கினேன்.
மழைநீர் வடிகாலுக்கென்று ஆடியில் வெட்டியது.
இது மார்கழி.
'சிரமத்திற்கு வருந்துகிறோம்' பலகையே
உள்ளே விழுந்து கிடக்கிறது.
குறுக்கே, தன் பழைய குளியலறைக் கதவைப்
போட்டு வைத்திருக்கிறார் ஜெபமணி.
தெருவே அதன் மேல் நடந்துதான் வீடு சேர்கிறது.
ஐப்பசியில் வழுக்கி விழுந்து கால் பிசகியவரும் அவர்தான்.
ஊட்டி என்று பெயர் வைத்தவரும்.
'ஊட்டிப் பக்கம் போகாதடா, கொசு.'

போன் வெளிச்சத்தை உள்ளே இறக்கினேன்.
தோளுயரத்துக்கு ஆமணக்கு.
முறுக்குக் கம்பியைச் சுற்றிக் கோவைக்கொடி.
கான்கிரீட் வெடிப்பில், யார் கொண்டுவந்ததோ,
ஒரே ஒரு பெரணி.
சிமெண்ட் குழாய்க்குள் நாய் குட்டி போட்டிருக்கிறது,
என்னைப் பார்த்து உறுமியது.
அதன் வீட்டுக்குள் விளக்கடித்தது நான்தானே.
அணைத்துவிட்டேன்.
தவளைச் சத்தம் மட்டும்
எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

படியேறும்போது ஞாபகம் வந்தது:
அவல்.
பள்ளத்துக்குத் தமிழில் பழைய பெயர்.
ஓடி வந்து அடித்தேன்.
ஆங்கிலேயர் அவலுக்குள் இறங்கிப் போனார்,
வெல்லமும் தேங்காய்ப் பூவும் மட்டும்தான் பாக்கி.
சிரித்தேன், தனியாக, இருட்டில்.
அழித்தேன்.

அந்த இரண்டு நொடியைக் காலியாக விட்டு
மூன்றரைக்குக் கோப்பை அனுப்பினேன்.
இலை, இலை, ஒரு தொப்பி
போவது தெரியும், போதும்.

'ஒரு வரி விட்டுப்போச்சே'
ஏழு மணிக்கு எபனேசர்.
பதில் எழுத வாயெடுக்கவில்லை,
கீழே ஜல்லி லாரி ஹாரன்.
ஜெபமணி கதவைத் தூக்கி
மதிலில் சாய்த்துக்கொண்டிருந்தார்.
'கொஞ்சம் நில்லுப்பா, குட்டி இருக்கு'
என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு
நொண்டியபடி
ஊட்டிக்குள் இறங்கினார்.