நகவெட்டி

பைனாகுலர் கேட்டிருந்தார்.
குலுக்கலில் அது வேறொருவருக்குப் போனது.
சுபேதார் ஒச்சப்பனுக்கு நகவெட்டி.

உசிலம்பட்டி கோட்டாட்சியர் அலுவலக வாசலில்
அந்தத் தாளை நாலாக மடித்துப்
பையில் வைத்துக்கொண்டு
என் ஆட்டோவில் ஏறியவர்
"பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

காலையில் பெரிய கட்சிக்கு,
மூன்று மணிக்கு மேல் இவருக்கு,
இரண்டுக்கும் என் குரல்தான்.
பேனர் மாற்ற ஐந்து நிமிடம்.
தொண்டை மாற்றக் கொஞ்சம் கூட ஆகும்.

இந்தப் பக்கம்
கட்சியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை.
பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றைக்கே
அதுவும் முடிந்துவிடுகிறது.
கொடிக்கம்பத்துக்குக் கிடா வெட்டிய ஊர் உண்டு.
ஒச்சப்பன் வீட்டு வாசல் நிலைக்கு மேலேயே
அவர் அப்பா அடித்த ஆணியில்
அந்தக் கட்சித் தலைவர் படம் தொங்குகிறது.
கழற்றச் சொன்னதற்கு
"அது அவரு ஓட்டுப்பா" என்றார்.

நோட்டில் தெருவை வரைந்துகொண்டு கிளம்புவார்.
இடது வரிசை முடித்து வலது வரிசை.
பூட்டிய கதவுக்கு ஒரு புள்ளி,
திரும்ப வர வேண்டும்.
பனியில் விட்டுவந்த இரண்டு விரலுக்குப் பதிலாக
இடது ஷூவுக்குள் துணி உருண்டை.
மேட்டில் ஏறும்போது மட்டும் தெரியும்.
கும்பிட வராது அவருக்கு.
கைகள் பாதி தூரத்தில் குழம்பி
ஒன்று மட்டும் நெற்றிக்குப் போய்விடும்.

பேச்சு மூன்றே வாக்கியம்.
"கால்வாய் வெட்டியாச்சு. தண்ணி வரல.
ஏன்னு போய்க் கேப்பேன்."
நான் மைக்கை வாங்கி
பனிமலை, துப்பாக்கி, பாரதத் தாய் என்று எடுத்தால்
எட்டி வந்து சவுண்டைக் குறைப்பார்.

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.
கருமாத்தூரில் நாற்காலி போட்டார்கள்.
செல்லம்பட்டியில் பருத்திப்பால்,
டம்ளர் கைக்கு வருமுன்னே சொல்லிவிட்டார்கள்:
"மாமா, பொண்ணு கேளுங்க, தர்றோம்.
காளையக் கேளுங்க, அவுத்து விடுறோம்.
ஓட்டு வீட்டுச் சாமி மாதிரி.
வெளிய அனுப்ப மாட்டோம்."

பிறகு குரலை இறக்கி,
"கேண்டீன் சரக்கு இருக்கா?"

பதினேழு வருஷமாக
மாதக் கோட்டாவில் ஒரு மூடி தனக்கென்று திறக்காதவர்.
கல்யாணத்துக்கு, இடுப்பு பிடித்துக்கொண்டவருக்கு,
கேத வீட்டில் குழி வெட்டுகிறவர்களுக்கு,
அவர் ரம் நுழையாத தெரு கிடையாது.
இந்த மாதம் வாங்கவே போகவில்லை.
கார்டை பீரோவில் வைத்துப் பூட்டி
சாவியை என்னிடம் கொடுத்துவிடச் சொன்னார்
தவமணி மதினியிடம்.
நான் எதற்கு அதை வாங்கிக்கொண்டேன் என்று
இன்றைக்கும் விளங்கவில்லை.

"நாலு பாட்டில் போதும்ணே" என்றேன்.
"ஒரு ஊரே திரும்பும்."

ரொம்ப நேரம் கழித்து,
ஆட்டோ வாலாந்தூர் கேட்டில் ரயிலுக்கு நிற்கையில் சொன்னார்:
"இப்பக் குடுத்தா ஓட்டுக்குக் குடுத்ததா ஆயிரும்.
இது மட்டுமில்ல.
இதுவரைக்கும் குடுத்ததும்."

ரயில் போயிற்று.
நான் மைக்கைப் போடவில்லை.

டெபாசிட் போனது.
ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு,
நோட்டாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட.
என் வீட்டில் ஓட்டு நாலு.
எங்கள் பூத்தில் நகவெட்டிக்கு விழுந்தது மூன்று.
யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.
ராத்திரிச் சோற்றில்
அம்மா மட்டும் எல்லார் தட்டையும் ஒரு தடவை பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாவிக்கு ஆள் வந்தது.
பெரிய கட்சிக் கிளைச் செயலாளரின் அப்பா இறந்துவிட்டார்.
குழி வெட்ட ஆள் நிற்கிறது,
மதுரைக் கேண்டீனுக்கு வண்டி எடுக்க வேண்டும்.

போனபோது வேப்பமரத்தடியில்
குனிந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார் ஒச்சப்பன்.
இரண்டு காலுக்கும் எட்டு நகம்.
சீக்கிரமே முடிந்துவிட்டது.