பதினாலு

கொண்டை ஊசி வளைவு, பதினாலு பை இருபது.
மஞ்சள் பலகையில் எண் மட்டும் தெரிந்தது.
மற்றதையெல்லாம் பனி வைத்துக்கொண்டது.
குட்டியானையின் முதுகில்
பன்னிரண்டு மூட்டை காப்பிக்கொட்டை,
இரண்டாவது கியர், இறக்கம்.
அப்போதுதான் அந்தச் சத்தம்.

முன்னால் ஒரு ஜீப் போனது.
பின்னால் நான்.
சத்தம் எங்கள் நடுவில் எங்கோ.

இறங்கிப் பார்த்தால் தடுப்புச் சுவரோரம் ஒரு நாய்,
பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்து.
வலது பின்னங்கால் மட்டும்
வேறு யாருடையதோ மாதிரி
எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது.
குரைக்கவில்லை.
என் டயர் இருந்த பக்கம் மூக்கைத் தூக்கி
ஒருமுறை மோந்தது.

'லோடு லேட்டாகும்ணே' என்றான் இருதயம்.
சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றித்
தரையில் விரித்தான்.

அஸ்தம்பட்டியில்
டாக்டர் ஷமீனா எக்ஸ்ரேயை
சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பங்கு பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிபோல்
ஒரே எலும்பின் இரண்டு துண்டுகள்
முகம் பாராமல் தாண்டிப் போயிருந்தன.
'தகடு வைக்கணும், ஆறு திருகு.
இல்லேன்னா எடுத்துடணும்.'
'காலையா?'
'காலைத்தான்.'

தொகையைச் சொன்னார்.
இரண்டு பின்சக்கர டயர்.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
போன மாதம் தவமணி சீட்டெடுத்து
உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைத்தது.

படிவத்தில் நாயின் பெயர் கேட்டார்கள்.
பலகைதான் கண்ணில் நின்றது.
'பதினாலு.'
'வயசா?'
'பேரு.'
எண்ணால் எழுதுவதா எழுத்தால் எழுதுவதா என்று
அந்தப் பெண் சற்று நேரம்
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.
அடுத்த வரி: எந்த வண்டி மோதியது?
'தெரியாது.'
பொய்யில்லை.
உண்மை என்று சூடம் அணைக்கவும் மாட்டேன்.

கதவுக்கு அந்தப்பக்கம் துளைபோடும் ஓசை.
நிலைக்குக் கீல் வைக்கும்போது கேட்கிற அதே ஓசை.
இருதயம் காதைப் பொத்திக்கொண்டான்.
தகடு எந்த ஊர் எஃகு என்று கேட்டு வைத்தேன்,
ஏதாவது பேச வேண்டுமே என்று.
வெளிநாடாம்.
சேலத்துக்காரனுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

வெளியே வந்து வண்டியைச் சுற்றினேன்.
குனிந்து பம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
குனியவில்லை.
நல்ல வேளையோ கெட்ட வேளையோ,
பருவம் தப்பிய ஒரு மழை
மூன்றே நிமிடம் பெய்து
எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போனது.

மாலையில் தூக்கிக் கொடுத்தார்கள்.
நாக்கு ஓரமாய்த் தொங்க, பாதிக் கண் திறந்து,
மழித்த தொடை கோழித்தோல் நிறத்தில்.
அவ்வளவு பெரிய நாய் அல்ல என்பது
அப்போதுதான் தெரிந்தது.

கன்னங்குறிச்சி வீட்டில்
தவமணி என்னோடு பேசவில்லை, பதினொரு நாள்.
அதனோடு பேசினாள்.
'டயர் சாப்பிட்டவனே, வா' என்று
மோர்ச்சோறு பிசைந்து வைத்தாள்.
அடிப்பாகம் அறுத்த பிளாஸ்டிக் வாளியைக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு
அது நிலைப்படியில் இடித்தது, பீரோவில் இடித்தது,
தையலை நக்கமுடியாத கோபத்தில்
வாளிக்குள் ஊளையிட்டது.

முப்பத்தெட்டாம் நாள் ராத்திரி
சுவரில் ஒரு பல்லி.
நான்கு காலிலும் ஓடியது.
ஓடிய பிறகுதான் ஞாபகம் வந்து
ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் அதன் இடம்.
பழைய டயர்தான், பொத்தான் அழிந்து
வழுவழுவென்று.
வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தடவிக்கொண்டே இறங்குகிறேன்.
மற்ற வளைவுகளில் தூங்கும்.
பதினாலில் எழுந்துகொள்ளும்.
என்னைப் பார்க்காது.
காதை விறைத்து, தலையைச் சாய்த்து,
கீழே தார்மேல் உருளும் டயரைக் கேட்கும்
கடைசிவரை.

அடுத்த சீட்டு ஆடியில்தான்
என்கிறான் இருதயம்.