வரவர

பெண்டமியர் சாலை. மூன்றாவது மாடி. விறைக்கிற ஏர்கான்.
எனக்கு மணிக்கணக்கில் கூலி.
இந்தப் பக்கம் சேவுகன், சாரம் கட்டுகிறவர்.
அந்தப் பக்கம் மேலாளர் டெரிக் லோவும் ஒரு நீலக் கோப்பும்.

கோப்பில் ஏப்ரலுக்கு 'சம்வாட் ரிலக்டண்ட்',
மே மாதம் 'மோர் ரிலக்டண்ட்',
ஜூனில் 'இன்க்ரீஸிங்லி ரிலக்டண்ட்'.
எழுதினவருக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது.
இந்தச் சொற்கள் ஜோடி பார்த்துத்தான் வெளியே கிளம்பும்.
'குரோயிங்' என்றால் பின்னாலேயே 'ரிலக்டன்ஸ்',
யாரோ தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி.
யார் ஊற்றியது என்று
ஜோடியில் இடமில்லை.

"உயரத்தில் ஏற வரவரத் தயங்கினீர்கள் என்கிறார்கள்."
சேவுகன் என்னைப் பார்த்தார்.
"தயக்கமில்லம்மா.
வரவர மனசு வரல."

வர, வர, வரல.
இரண்டு தரம் நடந்து வந்த வினை
மூன்றாம் தரம் வாசலிலேயே நின்றுவிட்டது.
நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

"பதினாலாவது மாடியில ஒரு கிளாம்ப்,
பூட்டினா பூட்டாது. சொன்னேன்.
'கேன் லா'ன்னாங்க.
அடுத்த வாரம் அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு.
அப்புறம் கால் மட்டுந்தான் ஏணியில இருந்துச்சு."

கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
நாக்கில் தயாராக இருந்தது அந்த ஜோடி,
தேய்த்து மடித்த சட்டை போல.
சொன்னால் கோப்போடு பொருந்தும்.
பன்னிரண்டுக்குள் முடியும்,
கீழே மீ கோரெங் கடையில் வரிசை நீளுமுன்.

கிளாம்பைச் சொன்னேன். 'கேன் லா'வையும்.
மனசுக்கு வந்தபோது,
'ஈச் டைம் ஹிஸ் மைண்ட் கேம் லெஸ்.
தென் இட் டிட் நாட் கம்.'

"இஸ் தட் இங்கிலீஷ்?" என்றார் டெரிக் லோ,
கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.
தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள்
கொஞ்ச நேரம் காற்றில் நின்றன.

அச்சாகி வந்த தாளில்
மறுபடி அதே ஜோடி,
சுருக்கமாக, பிழையில்லாமல், ஒரே வரியில்.
மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து இங்கே, என்று
பேனாவை நீட்டினார்கள்.

போன வருஷம் படிக்காமலே போட்டிருக்கிறேன்.
போன மாதம் படித்துவிட்டுப் போட்டேன்.

"கிளாம்ப் எந்த வரியில் இருக்கிறது?" என்றேன்.